மாப்பிள்ளைக் கோலத்தில் சொன்ன உண்மை

கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டுமென்று என் தம்பி சோற்றை அடியோடு விட்டான். காலையில் பால் சேர்க்காத பிளேன்டீ, இரவில் ஒரு வெள்ளரிக்காய், அவ்வளவுதான். எடை குறைந்தது, கூடவே முடி கொட்டியது, கை நடுங்கியது. ஒருநாள் அம்பிட்டிய மலைச்சாலை ஏற்றத்தில் மயங்கி விழுந்தான். பட்டினியால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிட்டது என்றார் டாக்டர். அதன்பிறகு அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினான்.

கல்யாணத்தன்றும் மெலிந்துதான் இருந்தான். "எப்படி மச்சான் இப்புடி ஆன? எங்களுக்கும் சொல்லு," என்று கூட்டாளிகள் மேடையில் சூழ்ந்துகொண்டார்கள்.

"பட்டினி கெடந்தேன்டா. செத்திருப்பேன். நீங்க யாரும் செஞ்சிறாதீங்க," என்றான்.

புதுப்பெண் முன்னால் அதைச் சொல்ல எத்தனை ஆண்களுக்கு மனம் வரும்? கேட்டவர்களில், மெலிவதற்காக அன்று சாப்பாட்டைத் தவிர்த்திருந்த ஒருவன் நேரே பந்தியில் போய் உட்கார்ந்தான். இந்தத் தம்பிக்கு நான் அக்கா என்று எல்லோரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது.