கேமரா மாற்றப் போன வெற்றிவேல்

வைகாசி பிறந்ததிலிருந்து வெற்றிவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தபடியே போனைப் பார்ப்பான். அதில் யாரோ ஒருவன் புது கேமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இருட்டிலும் முகம் பளிச்சென்று விழும் என்று சத்தியம் செய்துகொண்டிருப்பான். டவர் போனால் தட்டோடு எழுந்து வாசலுக்கு ஓடுவான். லென்ஸ் இருக்கிறது, அதை மாட்டும் கேமரா பாடி மட்டும் மாற்றினால் போதும் என்பான். கை கழுவுவதற்குள் எதற்கு வீண் வேலை என்பான். படுக்கும்போது மறுபடி பாடிக்கே வந்து நிற்பான்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலை ஊர்களில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவன்தான் போட்டோகிராபர். அந்தப் பிழைப்புதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. போன தையில் துரைக்கண்ணு வீட்டில் மூத்த மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்குள்ளேயே தாலி கட்டினார்கள். வந்த படமெல்லாம் மங்கல். மாப்பிள்ளை வீட்டார் கூடியிருந்த இடத்தில் துரைக்கண்ணு காரணம் கேட்க, "உங்க வூடு இருட்டு மாமா. கேமரா இன்னா பண்ணும்?" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். ஆனியில் இளையவளுக்குக் கல்யாணம். துரைக்கண்ணு இன்னும் அவனைக் கூப்பிடவில்லை. போளூர் ஸ்டுடியோக்காரர்கள் வேறு மலையேறத் தொடங்கியிருந்தார்கள். இந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனால் மற்றவையும் போய்விடும் என்று பயந்தான்.

கடைசியில், பைக்கை விற்றுப் புது பாடி வாங்குவதென்று முடிவு செய்தான். அவன் மனைவி பிரியதர்ஷினி அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பறம் கல்யாணத்துக்கு நடந்தேவா போவீங்க?" என்றாள். அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே போளூருக்கு வண்டியை விட்டான்.

கேமராக் கடை நடத்தும் மஞ்சுளா புது பாடியை எடுத்துக் கொடுத்தாள். தன் லென்ஸை அதில் மாட்டி அவளையே படம் எடுத்தான். அதே மங்கல். இன்னொன்று எடுத்தான். அதுவும் அப்படியே. சந்தேகம் தட்டியது. கடை லென்ஸை வாங்கித் தன் பழைய பாடியில் மாட்டி எடுத்தான். மஞ்சுளாவின் மூக்குத்திக் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. தன் லென்ஸைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கக் கண்ணாடியில் மாவு போல வெளுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

சாமைத் தூசு. மலையில் மழை பிடித்தால் எல்லாவற்றிலும் ஈரம் ஏறிவிடும். அதற்குப் பயந்து, நனைந்த போனை அரிசியில் புதைப்பது போல, லென்ஸைக் கழற்றித் துணியில் சுற்றி, வீட்டுச் சாமைப் பானைக்குள் புதைத்து வைப்பான். தன் மூளையில் உதித்த யோசனை என்ற பெருமை வேறு. முன்கண்ணாடியை விழுந்து விழுந்து துடைத்தவன், பின்பக்கத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

மஞ்சுளா துடைத்துக் கொடுத்தாள். பாடி வேண்டாம் என்று சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. மலை வளைவுகளில் பாடிக்கொண்டே ஏறினான். இனி படம் நன்றாக வரும், இளையவள் கல்யாணத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நேரே துரைக்கண்ணு வீட்டுக்குப் போனான்.

வீட்டின் கிழக்குச் சுவரில் பெரிதாக ஓட்டை போட்டிருந்தது. துரைக்கண்ணு சேற்றுக் கையோடு ஜன்னல் சட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"வா வெற்றி, உன்னக் கூப்புட வரணும்னுதான் இருந்தேன். இந்த வெளிச்சம் போதுமா பாரு. நீ சொன்னதுக்கோசரந்தான் இடிச்சேன்," என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "மூத்தவளத்தான் அவ மாமியா வூட்ல இருட்டு வூட்டுக்காரின்னு கூப்புடுறாங்களாம்."

தலையை ஆட்டினால் போதும், கல்யாணம் அவனுக்குத்தான். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வூட்டு மேல தப்பில்ல மாமா. என் லென்சுல தூசு. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

துரைக்கண்ணு சட்டத்தைக் கீழே வைத்தார். இடித்த சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றான். அவர் திட்டவில்லை.

"இத என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார். "மூத்தவ மாமியா வூட்டுக்குப் போ. அன்னிக்கு யார் யார் எதிர்ல சொன்னியோ, அத்தினி பேர் எதிர்லயும் சொல்லு. அப்பால வந்து கல்யாணத்தப் பத்திப் பேசு."

வெற்றிவேல் மூத்தவளின் மாமியார் வீட்டுப் பக்கம் பைக்கைத் திருப்பினான்.