சோறு போட்டவனின் கும்பிடு

சைகோன் வழியாகப் பாங்காக் போய்த் துணிக்கடையில் சேர்ந்தபோது, ஒரு சயாம்காரியின் மரவீட்டில் குடியிருந்தேன். விடிந்ததும் புத்த பிக்கு வாசலுக்கு வருவார். அவள் செருப்பைக் கழற்றி, அவர் பாத்திரத்தில் சோறு போட்டு, மண்டியிட்டுக் கும்பிடுவாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். போட்டவள் எதற்குக் கும்பிட வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வாங்கிக்கொண்டாரே, அதற்குத்தான்" என்றாள்.

பிறகு நானும் அவளோடு சேர்ந்து போட்டேன். ஆறு வருஷம் ஓடியது.

சொந்த ஊரான ஒதியம்பட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, வாசலில் ஒரு பிச்சைக்காரன் வந்து நின்றான். சோற்றைப் போட்டதும் பழக்கத்தில் மண்டியிட்டுக் கும்பிட்டேன். அவன் இரண்டடி பின்வாங்கி, திருவோட்டுக்குள் உற்றுப் பார்த்தான்.

"சோத்துல இன்னாபா கலந்துகீற?"