பாஷா பாய் வரக்கூடாது என்று ஜெபித்தேன்

"ஆட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சின்னா கூட உங்க ஆண்டவர் எறங்கி வந்து பார்ப்பாராம்மா?" என்று என் தாய்மாமா ஒருமுறை கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். "பார்ப்பார் மாமா" என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு எங்கள் ஆடுகள் எல்லாம் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அதனால் சொல்வது சுலபமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி கல்லூரி வரை படித்த முதல் ஆள் நான். அதை எங்கேயும் பெருமையாகவே சொல்வேன். எதையும் காரணத்தோடு விளக்கிச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஆனால் இந்தச் சாட்சியை என்னால் இன்னும் சரியாக விளக்க முடியவில்லை. பிரியமானவர்களே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒடுகத்தூருக்குப் பக்கம். அப்பா பல வருடங்கள் ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல்களைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு எடுக்கும் வேலை செய்தார். இருமல் வந்தது. போகவில்லை. மறுபடி அந்த வேலைக்குப் போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் பிடிவாதமாக அவரை நிறுத்தினேன். பக்ரீத்துக்காகக் கிடா வளர்க்கலாம் என்று சொன்னதும் நான்தான். தை முடிந்ததும் குட்டிகள் வாங்கினோம். டேனரி மேஸ்திரி மட்டும் அப்பாவை விடவில்லை. "ஒன் எடத்த காலியாத்தான் வெச்சிருக்கேன். கிடா யாவாரம் இன்னா ஆவுதுன்னு பார்த்துட்டு வா" என்றார். அப்பாவும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த ஆடுகள் தேறாவிட்டால் அப்பா மறுபடி தொட்டிக்குத்தான் போவார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 

பக்ரீத் நெருங்க நெருங்க வேலை அதிகமானது. கிடாவின் உடம்பு ஏறுவது அந்தக் கடைசி வாரங்களில்தான். விடிந்ததும் அம்மா அகத்தி ஒடித்து வருவார். அப்பா வேர்க்கடலைக் கொடியை உதறிப் போடுவார். நான் தவிடு கலந்து வைத்துவிட்டு, வேலை செய்யும் ஷூ கம்பெனியின் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். ஆம்பூர் பாஷா பாய்தான் எல்லாக் கிடாவையும் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பக்ரீத்தில் குர்பானியாகப் பலி கொடுக்கும் ஆட்டில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. நொண்டல், நோய், கண் பழுது எதுவும் ஆகாது. அதனால் பாய் அடிக்கடி வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து இரண்டு டிரம் நிறைய மீந்த சோறு கொண்டுவந்தார். வெள்ளைச் சோறும் பிரியாணிச் சோறும் கலந்திருந்தது. உடம்பு சீக்கிரம் ஏறும் என்று சந்தோஷமாகக் கொட்டினார். கிடாக்கள் முட்டி மோதித் தின்றன. நாங்கள் மூன்று பேரும் நின்று ரசித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் கிளம்பிப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். "ஐயோ, இங்க வாயேன்" என்று அம்மா கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால் பாதிக் கிடாக்கள் படுத்திருந்தன. வயிறு பறை மாதிரி உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தன. எழுப்பி நிறுத்தினால் கால் மடங்கி விழுந்தன. அம்மா ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகம் ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாய் இன்னிக்கு ஆடு பார்க்க வர்றேன்னாரு. போன் பண்ணி வராதேன்னு சொல்லு. இத்தப் பார்த்தார்னா ஒண்ணுகூட வாங்கமாட்டாரு." பாய் நம்பருக்கும் லைன் கிடைக்கவில்லை.

கொட்டகையிலேயே முழங்கால் போட்டேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கொஞ்ச நாளில் அறுக்கப்போகிற ஆட்டை இப்போது பிழைக்க வையும் என்று எப்படிக் கேட்பது? அது என்ன ஜெபம்?  கடைசியில் இரண்டே விஷயம் கேட்டேன். கர்த்தாவே, டாக்டரை அனுப்பும். பாஷா பாயை மட்டும் இன்றைக்கு அனுப்பாதேயும். அழுது, கண்ணீர் விட்டு, இயேசுவின் நாமத்தில் கேட்டு முடித்து ஆமென் சொன்னேன். வாசலில் பாஷா பாயின் குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கமாட்டேன். கேட்டதற்கு நேர் எதிராக இப்படியா நடக்கும்?

பாய் இறங்கி வந்தார். ஆடுகளைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார்.

"இன்னாண்ணே, சோறு போட்டியா? எந்த மண்டபம்?"

அப்பா மண்டபத்தின் பெயரைச் சொன்னார்.

"அடப்பாவி, அது எங்க தெருக் கல்யாணம். நானே ஜாஸ்தி துன்னுட்டு ராவெல்லாம் சோடா குடிச்சேன். வாயில்லாத ஜீவன் இன்னா பண்ணும்? தூக்கு, தூக்கு, வண்டில ஏத்து. வேலூர் பெரிய மாட்டு ஆஸ்பத்திரில ஞாயித்துக்கிழமையும் டாக்டர் இருப்பாரு."

"பாய், நீங்க இதுங்கள வாங்க மாட்டீங்களே..." என்று அப்பா இழுத்தார்.

"வாங்கறத அப்புறம் பேசலாம். மொதல்ல கால புடிண்ணே."

புடவையோடு நான் வண்டியின் பின்னால் ஏறி, இரண்டு கிடாக்களின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் சத்தமாக ஜெபித்தேன். பாய் வண்டியை ஓட்டிக்கொண்டே தன் வழக்கப்படி துஆ கேட்டு வேண்டிக்கொண்டு வந்தார். அணைக்கட்டு ஊரைத் தாண்டும்போது என் மடியில் இருந்த ஒரு கிடா கழுத்தைச் சாய்த்தது. நான் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை எடுத்தார். மருந்து ஊற்றினார். குளுக்கோஸ் ஏற்றினார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒண்ணும் தேறியிருக்காதும்மா" என்றார். சாயங்காலம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒரு கிடா என் புடவை முந்தானையை இழுத்து மென்று பார்த்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மடியில் செத்ததைத் தவிர மற்ற எல்லாம் வீடு திரும்பின.

நான் அனுப்பாதேயும் என்று கேட்ட மனிதர்தான் வண்டியோடு வந்தார். அந்த ஜெபம் கேட்கப்பட்டு அவர் வராமல் இருந்திருந்தால், படுத்த கிடாக்களில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இப்போது எனக்குப் பதில் கிடைத்ததா, மறுக்கப்பட்டதா? இரண்டும் ஒன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு கிடா ஏன் போனது என்று இன்றைக்கும் தெரியாது. அதை நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பாய் வாக்கு மாறவில்லை. பக்ரீத்துக்கு முன் வந்து, நன்றாகத் தேறிய கிடாக்களை வாங்கிக்கொண்டார். இளைத்துப்போன மூன்றை, "இதுங்க குர்பானிக்கு ஆவாதுண்ணே, நல்லா தேறட்டும்" என்று விட்டுவிட்டார். வண்டி கிளம்பியபோது நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.  பிழைக்க வேண்டும் என்று கெஞ்சியது இதற்குத்தானா? அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "அறுக்கத்தான் வளர்த்தோம், தெரியாதா? இருந்தாலும் சாவு வலில துடிக்க வுடல பாரு, அந்த மட்டும் ஸ்தோத்திரம்னு சொல்லு" என்றார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு என் ஜெபம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கம்பெனியில் வேலை பிரித்துக் கொடுப்பதுபோல், இவரை அனுப்பும், அவரைத் தடுத்து நிறுத்தும் என்று ஆண்டவருக்கே வழி சொல்லுவேன். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து உட்காருகிறேன். வருகிறவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் குழப்பம் இருக்கலாம். குழப்பத்தோடேயே கேளுங்கள். தெளிந்த பிறகுதான் வர வேண்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லை.

புதுக் குட்டிகள் வாங்கும் நேரம் மறுபடி வந்தது. மேஸ்திரி ஆள் அனுப்பினார். அப்பா, "பார்க்கலாம்" என்று சொல்லி அந்த ஆளை அனுப்பினார். இந்தத் தடவை கிடா வியாபாரம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. போன திங்கட்கிழமை கம்பெனிக்கு விடுப்பு சொல்லிவிட்டு டேனரி வாசலுக்கு நானே போனேன். "எங்க அப்பா இனிமே வரமாட்டாருங்க. அவரு எடத்துக்கு வேற ஆள் போட்டுக்குங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.