ஏழாம் நம்பர் பாட்டில்

ராஜமணி பொய்யே சொல்லாத மனிதர் என்று யாரும் சாதிக்க வேண்டாம். தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தபோது ஒரு பொய் எழுதினார். ஒரே ஒரு எண். பிறகு அவரே அதை ஒப்புக்கொண்டு வேலையையும் இழந்தார். அப்படிப்பட்டவர் பைபிள் மேல் கை வைத்துச் சொன்ன மீதிதான் இது. நம்பாதவர்கள் ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்கு அந்தக் கண்மாய் மடையில் போய் உட்காரலாம். காது இருந்தால் போதும்.

1979ஆம் வருடம். உத்தமபாளையத்தைத் தாண்டி உள்ளே போனால் கருத்தான் கண்மாய். யாரோ ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று ஒரு கொத்து ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து போட்டாராம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான். மூன்றே வருடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே மாடு மேயலாம் போல அப்படி ஒரு பச்சை.

செடியை அள்ள வேண்டுமா, வேண்டாமா என்று ஆபீஸ் கேட்டது. அதற்கு ஒரு எண் வேண்டும். தண்ணீருக்கும் மூச்சு உண்டு, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் அது. பகலில் வெயிலோடு ஏறும், இருட்டில் இறங்கும், விடிவதற்கு முன் மூன்று மணிக்கு அடிமட்டத்துக்கு வரும். அந்த மூன்று மணி எண்தான் உண்மையைச் சொல்லும். இரண்டுக்குக் கீழே போனால் செடியை அள்ள உத்தரவு வரும். நாலுக்கு மேல் இருந்தால் வராது.

விதிப்படி லேப் ஆளும் பரிசல்காரரும் சேர்ந்தே நடுக் கண்மாய்க்குப் போக வேண்டும். ராஜமணிக்கு நீச்சல் தெரியாது. ஆகவே அவரும் பரிசல்காரர் தவசியும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ராஜமணி மடைத் திட்டில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வார். தவசி மட்டும் போய், பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் உள்ளேயே மூடி, தெர்மாமீட்டரைப் பார்த்து அங்கிருந்தே கத்துவார். ராஜமணி இங்கே எழுதிக்கொள்வார். பாட்டில் கரைக்கு வந்ததும் இரண்டு மருந்து ஊற்றுவார். மூச்சுள்ள தண்ணீர் என்றால் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகப் படியும்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதற்கென்றே இழைத்த கண்ணாடி மூடி. இரண்டிலும் ஒரே நம்பர் வெட்டியிருக்கும். ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், நல்ல பனி. மூன்று மணிக்குத் தவசி ஏழாம் நம்பர் பாட்டிலோடு கிளம்பினார். ராஜமணி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்தார். அப்படியே தூங்கிப்போனார்.

விழித்தபோது ஐந்தரை. பரிசல் இல்லை. பாட்டில் இல்லை. குளிருக்குப் பயந்து அக்கரையில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான் என்று திட்டினார். ஆறு மணி பஸ்ஸை விட்டால் பத்து மணிக்குத்தான் அடுத்தது. நோட்டில் மூன்று மணி எண்ணாக 4.2 என்று எழுதினார். ஏழாம் நம்பர் பாட்டில் உடைந்தது என்றும் எழுதினார். பஸ் ஏறிவிட்டார்.

மார்ச்சில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஊரார் மனுக் கொடுத்தார்கள். "மறுபடி எடுத்துட்டு வா" என்றார் ஆபீசர். ஏப்ரல் 24ஆம் தேதி ராஜமணி மீண்டும் வந்து தவசியின் வீட்டு வாசலில் நின்றார். தவசியின் மனைவி மொக்கம்மாள் வெளியே வந்தாள்.

"அவுக இல்ல சார். ஏலக்காட்டு வேலைக்குப் போயிட்டாக."

"எப்ப?"

"பொங்கல் கழிச்சு நீங்க வந்தீகள்ல, அன்னைக்கு ராத்திரிதான். அதுக்கு முந்தின நாளு எங்கிட்டச் சண்டை. குமுளிக்கு மேல போயிருவேன், போயிருவேன்னாக. போயிட்டாக. ஒரு காயிதங்கூட இல்ல."

"பரிசலு?"

"அதையும் காணோம். வித்துட்டுப் போயிருப்பாக. நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு வார்த்தை விசாரிங்க சார்."

ராஜமணி கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏலக்காடுதான், ஏலக்காடாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வந்துருவாரும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடக்கும்போதே முடிவு செய்தார். இந்த முறையும் நாலுக்கு மேல்தான் எழுத வேண்டும். குறைந்தால் பழைய எண் பொய் என்று தெரிந்துவிடும், வேலை போய்விடும். அது மட்டுமல்ல. நாலு என்றால் செடி அப்படியே இருக்கும். செடி இருந்தால், அதன் அடியில் ஏதாவது இருந்தாலும் அதுவும் அப்படியே இருக்கும். இதை நினைத்ததற்காகப் பின்னாளில் அவர் எத்தனையோ ராத்திரி அழுதிருக்கிறார்.

மொக்கம்மாளின் தம்பி கர்ணன் இரவல் பரிசலோடு வந்தான். செடியை வெட்டி நடுக் கண்மாய் வரை ஒரு வழி எடுத்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் குரல் வந்தது. "இருபத்தொம்போது!" எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஒன்பது மணி.

"இருபத்தெட்டரை!" என்று கத்தினான் கர்ணன். ராஜமணி எழுதி முடித்தார். தண்ணீர்ப் பக்கமிருந்து இன்னொரு குரல் எதையோ சொன்னது... மெதுவாக. எண் புரியவில்லை.

கர்ணன் கரைக்கு வந்ததும் கேட்டார். "எதுக்கு ரெண்டு தடவ சொன்ன?"

"ஒருக்காத்தான் சொன்னேன் சார்."

எதிரொலி என்று விட்டுவிட்டார். கரையெல்லாம் புளியமரம். எதிரொலி வரத்தான் செய்யும்.

பன்னிரண்டு மணி. இருபத்தெட்டு. கர்ணன் திரும்பி வந்ததும் பரிசலைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துப் போட்டான்.

"செடிக்குள்ள யாரோ துடுப்புப் போடுறாக சார்."

"நீர்நாயி, தண்ணிப்பாம்பு ஏதாச்சும் இருக்கும்."

"நான் நிறுத்துனா அதுவும் நிறுத்துது."

கர்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இருட்டில் நகர்ந்து போனான்.

இந்த முறை தூங்கக் கூடாது என்று ராஜமணி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மணி. இரண்டரை. காற்று நின்றுவிட்டது. தவளைச் சத்தமும் நின்றது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்து. தண்ணீரில் துடுப்புச் சத்தம்.

சளக்... சளக்...

கர்ணன் தானாகவே கிளம்பிவிட்டான், பொறுப்பான பையன் என்று நினைத்தார்.

சரியாக மூன்று மணிக்குக் குரல் வந்தது.

"இருபத்தொண்ணரை... சார்."

எழுதினார். எழுதிய பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு மணிக்கு இருபத்தெட்டு. சித்திரை மாதம். மூன்று மணி நேரத்தில் ஒரு கண்மாய் அப்படிக் குளிருமா?

"சரியாப் பாரு!" என்று கத்தினார்.

"இருபத்தொண்ணரை."

அதே குரல். பல் கிட்டிக்கிற குளிரில் பேசுகிற குரல்.

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

"கூப்பிட்டீகளா சார்? மணி ஆச்சா?"

கர்ணன்.

மடைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவன் பரிசல் கரையில்... கவிழ்த்துப் போட்டபடி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சளக்...

அருகில்.

சளக்...

படிக்கட்டில்.

ணங்.

கண்ணாடி கல்லில் உட்கார்ந்த சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

மூன்று மணி ஏழு நிமிடம். கர்ணன் லாந்தரைத் தூக்கிப் பிடித்தான். கடைசிப் படியில் ஒரு பாட்டில். விளிம்பு வரை தண்ணீர். மூடி இல்லை. பக்கவாட்டில் வெட்டியிருந்த எண் லாந்தர் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஏழு.

ராஜமணி பாட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஏழாம் குழி ஜனவரியிலிருந்து காலி. இப்போதும் காலி.

அந்த நிலையிலும் கை பழகிய வேலையைச் செய்தது. முதல் மருந்து. இரண்டாம் மருந்து. காத்திருந்தார்.

வெள்ளை.

துளிப் பழுப்பு இல்லை. பூஜ்யம்.

அதே நோட்டில் ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினார். அன்று பன்னிரண்டு மணிக்குத் தவசி கத்தி, இவர் எழுதிய எண் இருபத்திரண்டு. அன்று மூன்று மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் 4.2 என்பதை அடித்தார். பக்கத்தில் எழுதினார்: "இது பொய். நான் தூங்கிவிட்டேன். பரிசல்காரரைத் தனியாக அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை."

அந்த நோட்டை அப்படியே ஆபீசர் மேசையில் வைத்தார். வேலை அன்றே போனது.

மே மாதம் செடி அள்ள வந்தார்கள். நாற்பது ஆள். ஆறாம் நாள் நடுக் கண்மாயில் வேர்களுக்குள் சிக்கிக் கவிழ்ந்து கிடந்த பரிசல் கிடைத்தது. அதன் அடியில் தவசி. மூச்சில்லாத தண்ணீர், மீன் இல்லை, புழு இல்லை; உடம்பு சிதையவில்லை. வலது கை மூடியபடியே இருந்தது.

போலீஸ்காரர் விரல்களைப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடி மூடி. ஏழாம் நம்பர்.

ராஜமணி பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். மூடியை வாங்கி வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

நான்கு மாதம் மூடி இங்கே கிடந்திருக்கிறது. அதன் பாட்டில் யார் கையால் படிக்கு வந்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

கரையில் மொக்கம்மாள் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. ராஜமணியின் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப அவுக மலைக்குப் போகலையா சார்?"

"இல்லம்மா" என்றார் ராஜமணி. "மூணு மணிக்கு நான்தான் அனுப்புனேன்."