கூண்டு எலிக்குச் சேறு தெரியாது

முதலில் வலித்தது சுண்டுவிரல். எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கவுண்டரில் கப்பல் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தும்போது அது மடங்க மறுத்தது.

சில மாதங்களில் இரண்டு கைகளும் வீங்கின. முடக்குவாதம் (உடலின் தற்காப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் சென்னை டாக்டர். புது ஊசி ஒன்று எழுதினார். அது வந்த கதையையும் ஆசையாகச் சொன்னார்.

"மனுஷ ரத்த அணுக்களை எலிக்குள்ள செலுத்தி, நம்ம நோயை அதுக்கும் வரவச்சுப் பார்த்திருக்காங்கம்மா. ஊசி போட்டதும் வீக்கம் வடிஞ்சிருச்சு. அப்புறம்தான் மனுஷங்களுக்கு."

எனக்கும் வடிந்தது. அதுதான் வினையாயிற்று.

ஊரில், புரோத்ராபூரில், எங்களுக்குச் சிறு வயல் உண்டு. அக்கம்பக்கத்தார் ஒருவர் வயலில் ஒருவர் மாறிமாறி நடவு செய்வோம். என் கை முடங்கிய பருவங்களில் பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா என் பங்கையும் சேர்த்து நட்டார். கை சரியானதும் அவர் வயலில்தான் முதலில் இறங்கினேன், எல்லோரையும்போல வெறுங்காலோடு.

சில நாட்களில் காய்ச்சல். கண் மஞ்சளானது. எலிக்காய்ச்சல் (எலியின் சிறுநீர் கலந்த நீரில் தொற்றுவது). ஊசி என் தற்காப்பை அடக்கி வைத்திருந்ததால் சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார்கள்.

"அரே, கேத்துல, அதான் வயல்ல, இறங்காதன்னு ஒரு வார்த்தை சொன்னாரா அந்த டாக்டர்?" என்று கணவர் கட்டிலருகே பொருமினார்.

பிழைத்தேன். தெம்பு வந்ததும் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் போட்டேன்.

"வயலுக்குப் போவீங்களான்னு ஏன் சார் கேக்கல?"

"போர்ட்ல வேலைன்னு சொன்னீங்களேம்மா."

"அந்த எலிங்க சேத்துல நடந்துச்சா?"

"இல்லம்மா. கிருமி அண்டாத கூண்டுல வளக்குறாங்க. அப்பத்தான் மருந்து என்ன செய்யுதுன்னு தெளிவாத் தெரியும்."

உண்மையைத்தான் சொன்னார். என் கோபம் அதற்காகக் குறையவில்லை. என் நோயைக் கொடுத்தார்கள், என்னைப்போன்றவர்களின் ரத்தத்தைக் கொடுத்தார்கள், நான் நிற்கிற சேற்றை மட்டும் அந்த எலிக்குக் கொடுக்கவில்லை.

காய்ச்சலுக்காக ஊசியை நிறுத்தியதும் விரல்கள் மறுபடி இறுகின. வேறு வழியில்லாமல் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்கும் இந்த ஊசியை எழுதித் தந்தால், டாக்டர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கால்களை எங்கே வைத்துப் பிழைக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

மழை வந்துவிட்டது. முன்பு நடவுக் காலம் என்றால் இடுப்பு வலிக்கும் காலம். இப்போது நிற்கும் காலம். பெங்காலி அக்கா குனிந்து என் வயலை நடுகிறார். நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறேன். பத்து விரலும் நன்றாக மடங்குகின்றன. ஆத்திரத்தில் மடக்கி மடக்கி நீட்டுகிறேன்.