என் மகளின் முதல் மடக்குக் கத்தி

என் நாத்தனார் தன் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி. குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நாத்தனாரின் மடியில் கைக்குட்டை, கைக்குட்டையின் மேல் விரித்த நிலையில் ஒரு மடக்குக் கத்தி. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்த சிறு பள்ளத்தைச் சுரண்டியிருந்தாள். ஊசி நுனியில் ஏடு போல வெள்ளையாக ஏதோ வந்தது. அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். உடல் சூட்டில் அது உருகியது. முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தில் சந்தேகம் தீர்ந்துபோன ஒரு மாணவியைப் போலப் பார்த்தாள். 

அவள் என் கணவரின் தங்கை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அச்சுகளைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை, அங்கேயே ஒரு சின்ன வாடகை வீடு. ஞாயிறு தோறும் சர்ச்சில் ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு மின்சார ரயிலில் வந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் ஆறு நாளும் சமைத்து, துவைத்து, தேர்வுத்தாள் திருத்தி, மகளின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறவள். அவளோ வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவள். ஆனால் மகள் தன் மனதிலிருப்பதை எல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் சேர்த்து வைத்தாள். கல்லூரியில் தாவரவியல் எடுக்கப் போவதாக முதலில் சொன்னது அத்தையிடம். வகுப்பில் ஒரு பையன் கடிதம் கொடுத்ததைச் சொன்னதும் அத்தையிடம். இருவரும் அறைக்குள் உட்கார்ந்து சிரிப்பார்கள். நான் மடித்த துணிகளோடு உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். “என்னடி விஷயம்?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உனக்குப் புரியாது” என்பாள். மகள்கள் எல்லாத் தாய்மாரிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. என் வீட்டில் மட்டும் அதைச் சொல்லும்போது பக்கத்தில் இன்னொருத்தி இருந்தாள்.

இரண்டாம் ஆண்டில் மகள் கல்லூரி இயற்கைக் கழகத்தில் சேர்ந்தாள். ஏரி, காடு, மலை என்று போக ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில், தனக்கு ஒரு நல்ல மடக்குக் கத்தி வேண்டும் என்றாள். கயிறு வெட்ட, செடியின் மாதிரி எடுக்க, பழம் நறுக்க, எல்லாவற்றுக்கும் உதவுமாம். என் கணவர், “பொம்பளப் பிள்ளைக்குக் கத்தி எதுக்கு?” என்றார். நாத்தனார் தலை நிமிராமலே, “உங்க பொண்டாட்டி தினமும் கத்தி பிடிச்சாதானே அண்ணா உங்களுக்கு சாம்பார்?” என்றாள். நான்கூடச் சிரித்துவிட்டேன். அதற்குள் அடுத்த சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. “எனக்கும் பாரிஸ் கார்னர்ல ஒரு வேலை இருக்கு” என்று நானாகவே தொற்றிக்கொண்டேன். வேலை எதுவும் இல்லை.

பாரிமுனையை ஒட்டிய பூக்கடைப் பக்கம் ஒரு குறுகிய சந்தில் இருந்தது அந்தக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கத்திகள். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையின் மேல் வைத்தார், யார் கையிலும் கொடுக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வதுண்டு. எனக்கு ஒரு சிவப்புக் கத்தி பிடித்திருந்தது. பளபளப்பாக, தடிமனாக, உள்ளே ஏகப்பட்ட கருவிகளோடு இருந்தது. கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். “இத்த பாருங்கோ மேடம், பன்னெண்டு ஐட்டம் கீது. வூட்டுக்கும் ஆச்சு, வெளியவும் ஆச்சு.”

மகள் அதைப் புரட்டிப் பார்த்தாள். “அம்மா, இதுல பல்குத்தி கூட இருக்கு. மலை ஏறிப் போய் உக்காந்து பல்லா குத்தப் போறேன்?” கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் வேடிக்கைதான் பார்த்தேன். அலகு உள்ளங்கை அகலத்துக்கு மேல் வேண்டாம் என்றாள் மகள். நாத்தனார் மரப்பிடி போட்ட ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். “வேர்வையில வழுக்கும் அத்தை” என்று மகள் சொரசொரப்பான கறுப்புப் பிடியை எடுத்தாள். “சரிடி, உன் கைதானே” என்று நாத்தனார் விட்டுக்கொடுத்தாள். நன்றாகத் தீட்ட வரும், ஆனால் துருப்பிடிக்கும் இரும்பு ஒன்றும், துருப்பிடிக்காத எஃகு ஒன்றும் பலகையில் இருந்தன. செடிப்பாலும் மழையும் படுகிற கத்தி என்பதால் துருப்பிடிக்காததே போதும் என்று மகள்தான் தீர்மானித்தாள். கடைசியில் நாத்தனார் பார்த்தது பூட்டை. திறந்ததும் பிடியின் முதுகில் இருக்கிற பட்டை, அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் ‘டக்’கென்று விழ வேண்டும். விழுந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அலகு விரல் மேல் மடங்காது. அவள் கத்தியைக் காதருகே வைத்து நாலைந்து முறை திறந்து மூடினாள், அலகை ஆட்டிப் பார்த்தாள், அதன் முதுகை மரப்பலகையில் தட்டினாள். “இது நிக்குது” என்றாள். கடைக்காரர், “இன்னாக்கா, நீங்க கடை வெச்சுருக்கீங்களா?” என்றார்.

“சுடிதாருக்கெல்லாம் நான் பாக்கெட் வெச்சுத் தரேன்” என்று மகளிடம் சொன்னேன். எனக்கு வந்த ஒரே யோசனை அதுதான். “வேணாம்மா, பேண்ட்தான் போட்டுக்குவேன், அத்தை மாதிரி” என்றாள். திரும்பி வருகிற ரயிலில் இருவரும் எதிர் எதிரே உட்கார்ந்து அந்தக் கத்தியை மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதுக் கத்தி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு நாத்தனார் சின்னப் புட்டியில் மெஷின் ஆயில் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். மாதம் ஒரு சொட்டுப் போதும், போட்டதும் துடைத்துவிட வேண்டும் என்று மகளிடம் சொன்னாள். மகளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? கத்தி மேசை மேலேயே கிடந்தது. சனிக்கிழமை மாலை அவள் சர்ச்சில் பாடற்குழுப் பயிற்சிக்குப் போன பிறகு நான் அதை எடுத்தேன். அந்தப் புட்டியைத் தொடவில்லை. அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தோய்த்து மூட்டிலும் பள்ளத்திலும் தாராளமாக விட்டேன். கேட் தாழ்ப்பாள், கத்தரிக்கோல், அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான். ஒன்றும் கெட்டுப்போனதில்லை. அடுத்த சனிக்கிழமையும் விட்டேன், அதற்கடுத்த சனிக்கிழமையும். யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் மட்டும் சொந்தமான அந்தப் பொருளில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற ரகசியம் எனக்கு இனித்தது.

“இப்ப வெண்ணெய் மாதிரி திறக்குது அத்தை, சத்தமே இல்ல” என்று மகள் ஒரு நாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். மறுமுனையில் நாத்தனார், “சத்தம் இல்லாம எப்படி? ஞாயித்துக்கிழமை எடுத்து வை, பாக்கறேன்” என்றாளாம். அந்த ஞாயிறு படப்பையிலிருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று நான்தான் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனேன். சித்திக்கு ஒன்றும் அவசரமில்லை. ஒரே ஒரு ஞாயிறாவது அவள் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் மார்கழிக் குளிரில் கழகத்தோடு ஜவ்வாது மலைக்குப் போனாள். விடிந்து சிறிது நேரத்தில் கூடாரத்துக்கு முளை சீவியிருக்கிறாள். நம் வீட்டிலேயே மார்கழியில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் ஊற்ற முடியும். அங்கே கேட்க வேண்டுமா? பையிலிருந்த பஞ்சும் தூசியும் ஒட்டிய எண்ணெய் பள்ளத்துக்குள் உறைந்து கிடந்திருக்கிறது. பூட்டு விழவே இல்லை. மூங்கிலில் அழுத்தியதும் அலகு மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. கீழே ஒரு ஊரில் கட்டுப் போட்டு, மாலைக்குள் தாம்பரம் கொண்டுவந்து சேர்த்தார்கள். விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது என்றார் மருத்துவர். கூட வந்த தோழி ஒரு பிளாஸ்டிக் பையில் கத்தியைக் கொடுத்தாள். தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்த நாத்தனார் அதை வாங்கித்தான் சுரண்டிப் பார்த்தாள்.

அவள் என்னைப் பார்த்த அந்த நேரத்தில்தான் என் கணவர் படியேறி வந்தார். “நான் சொன்னேனா இல்லையா? கத்தி வாங்கிக் குடுத்துக் கெடுத்தியே” என்று தங்கையிடம் கத்தினார். செவிலி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். நாத்தனார் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றினாள். “என் தப்புதான் அண்ணா. பூட்டைச் சரியாப் பாக்காம வாங்கிட்டேன்.” நான் வாய் திறந்திருக்கலாம். சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறை பற்றிய படத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு ஞாயிறுகள் அவள் வரவில்லை. என் கணவர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். மகளுக்கு ஊட்டினேன், தலை வாரினேன், குளிப்பாட்டினேன். மதியங்களில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் இத்தனை வருடம் ஆசைப்பட்டது முழுசாக என் கைக்கு வந்திருந்தது. அப்போதும் அவளுடைய போன் ஒலித்தால் யார் என்று எட்டிப் பார்த்தேன்.

கட்டைப் பிரித்த பிறகு, தட்டில் பரப்பிய பச்சைப் பயறை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாலை அதைச் செய்துகொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். “நான்தாம்மா அந்தக் கத்திய எடுத்தேன். அத்தை கூட மரப்பிடிதான் பாத்தாங்க. எனக்கு நல்லது எது, கெட்டது எதுன்னு பாக்கவே தெரியல போல. கழகத்துல இருந்து பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்.”

அத்தை மேல் பழி விழுந்தபோது சும்மா இருந்துவிட்டேன். இதற்கு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கத்தியில் ஒரு குறையும் இல்லை, அதைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயறையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அலமாரியிலதான் மெஷின் ஆயில் இருந்துச்சே?”

“அது அத்தை வெச்சது” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயில் ஏறினேன். நாத்தனார் வாசலில் நின்றுகொண்டே கேட்டாள். “அண்ணாகிட்ட சொல்லிட்டீங்களா அண்ணி?” இல்லை என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா அவ உங்க கையால சாப்பிட்டிருக்க மாட்டா. அப்ப அவளுக்கு ஊட்ட வேற யாரு இருந்தா?” என்றாள். பிறகு, “என்னை ரொம்ப நல்லவள்னு நெனச்சுக்காதீங்க. நாலு நாள் தூங்கல. உங்க மேல அவ்வளவு கோவம்” என்றாள். அந்தக் கோபத்தைக் கேட்டபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனாலும் இதிலும் அவளே என்னை முந்திக்கொண்டாள் என்ற எரிச்சல் ஒரு ஓரத்தில் இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை.

என் கணவரிடம் அன்று மாலையே சொன்னேன்.  அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கைக்குப் போன் செய்ய மொட்டை மாடிக்குப் போனார். மகள் என்னோடு ஐந்து நாள் பேசவில்லை. சாப்பாட்டையும் என்னை ஊட்ட விடாமல் அவளே இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள்.

போன ஞாயிறு நாத்தனார் வந்தாள். மகளின் விரல் முக்கால் பங்கு மடங்குகிறது. மீதியைப் பற்றி மருத்துவர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. நுண்ணோக்கியில் வைக்கச் செடித் தண்டை மெல்லிசாகச் சீவும்போது பிளேடு இன்னும் கோணலாகப் போகிறதாம். ஆனால் கழகத்தில் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறாள். அதுவும் எனக்கு அத்தையிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் தெரியும். இரண்டு டம்ளர் காப்பியோடு அறை வாசல் வரை போனவள் நின்றுவிட்டேன். உள்ளே சிரிப்பு. “அடுத்த தடவை அம்மா கடுகும் போட்டுத் தாளிச்சுடுவாங்க அத்தை, கத்தி கமகமன்னு இருக்கும்” என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அடக்கமாட்டாமல் சிரித்தாள். மகளை அப்படி வாய்விட்டுக் கேலி பேச வைக்க என்னால் முடிந்ததே இல்லை என்று அப்போதும் தோன்றியது.

சிரிப்பு நின்றது. “அம்மா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு என்னைக் கூப்பிடுகிறாள். “கதவு திறந்துதான் இருக்கு. எப்பவும் மாதிரி வெளியிலேயே நின்னு கேக்காதே.”

இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கையில் இருந்தது இரண்டே டம்ளர். எனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.