சொட்டு அக்கா வீட்டு மீட்டர்

குளியலறையிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் கேட்டது.

"வாஷிங் மெஷின் தண்ணி விடுது! ஓடுங்க!"

கத்திக்கொண்டே, தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே போட்டுவிட்டு அவள் எழுந்தாள். கணவர் நீல வாளியோடு ஓடினார். கல்லூரியில் படிக்கும் மகள் காதில் போனை இடுக்கிக்கொண்டு ஹோஸைப் பிடித்தாள். முதல் தண்ணீர் கழிப்பறைக்கு, அலசிய தண்ணீர் தரை துடைக்க. அந்த வீட்டில் எந்தத் தண்ணீரையும் ஒரே வேலையோடு ஓய்வெடுக்க விட்டதாகச் சரித்திரம் கிடையாது.

தெருவில் அவளுக்குச் 'சொட்டு அக்கா' என்று பெயர். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கல்யாணமான புதிதில் நாலாவது மாடி வீடு; குழாயில் தண்ணீர் ஏறாது. வயிற்றில் பிள்ளை, இடுப்பில் குடம் என்று எண்பத்திரண்டு படி ஏறியவள். படியில் சிந்திய ஒவ்வொரு துளிக்கும் அவள் கண்ணும் சேர்ந்து சிந்தியிருக்கிறது. அந்த வலி தெரிந்தவளுக்குத்தான் வாளியின் அருமை தெரியும்.

வாளிகள் நிரம்பிய நேரம், அழைப்பு மணி அடித்தது. வாசலில் தண்ணீர் அலுவலகத்து அதிகாரி.

"மூணு பேர் இருக்கிற வீடு. மாசம் பூரா இவ்வளவுதான் ஓடியிருக்கா? மீட்டர்ல கை வச்சிருக்கீங்கன்னு ஆபீஸ்ல சந்தேகப்படுறாங்கம்மா. உண்மைன்னா இன்னைக்கே லைனை வெட்டிடுவேன்."

சிந்தாமல் சிதறாமல் வாழ்ந்தவளுக்குத் திருட்டுப் பட்டமா! பொலபொலவென்று கண்ணீர் வடிந்தது. அந்த வீட்டில் எதற்கும் உதவாமல் வீணான தண்ணீர் அது ஒன்றுதான்.

"ஒரு நாளாவது ரெண்டு வாளி தண்ணில குளிக்கிறேன்னு கெஞ்சினேனே, கேட்டியா?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க!"

அதிகாரி வண்டியிலிருந்து பத்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்து வந்தார். "பத்து தடவை பிடிச்சுக் கீழ ஊத்துவோம். மீட்டர்ல நூறு லிட்டர் ஏறியிருந்தா நீங்க தப்பிச்சீங்க."

"கீழ ஊத்துறதா?" அவள் குழாயின் குறுக்கே நின்றாள். "லைனை வேணா வெட்டுங்க சார். ஊத்த மட்டும் விட மாட்டேன்."

"அடியே, நிஜமாவே வெட்டிடுவாரு!"

"அம்மா, பாத்திரத்துல பிடிச்சு வச்சுக்கலாமே," என்றாள் மகள்.

வாளிகள்தான் ஏற்கெனவே நிரம்பிவிட்டனவே. ஆகவே குக்கர் வந்தது. அரிசியைத் துணியில் கொட்டிவிட்டு அரிசி டின் வந்தது. தண்ணீர் பிடிக்காத ஒரு பாத்திரம் பாக்கியில்லை. ஒவ்வொரு கேனுக்கும் அதிகாரி மீட்டரைக் குனிந்து பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதாவது கேனோடு எல்லாமே நிரம்பிவிட்டன. பத்தாவது கேனோடு அவர் சாக்கடைப் பக்கம் திரும்ப, அவள் பாய்ந்து கேனின் மறு காதைப் பிடித்தாள்.

"சார், உங்க வண்டி ஒரே புழுதியா இருக்கே. அதைச் செடி ஓரமா தள்ளி நிறுத்துங்க."

"எதுக்கும்மா?"

"நிறுத்துங்க சொல்றேன்."

அவர் கையில் ஒரு குவளையும் கந்தல் துணியும் திணிக்கப்பட்டன. உத்தியோகத்தில் முதல் முறையாக, விசாரிக்க வந்த வீட்டில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டி கழுவினார் அதிகாரி. அழுக்குத் தண்ணீர் கத்தரிச் செடிகளுக்குப் போனது.

மீட்டரில் சரியாக நூறு லிட்டர் ஏறியிருந்தது. 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த மாசமாவது கொஞ்சம் கூடச் செலவு பண்ணுங்கம்மா. இல்லேன்னா மறுபடி என்னைத்தான் அனுப்புவாங்க."

"அது நடக்காது சார். நீங்க தாராளமா வாங்க. வர்றப்ப காலி டிரம் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க."

பளபளத்த வண்டியில் ஏறி, தலையை ஆட்டிக்கொண்டே அவர் தெருமுனை திரும்பினார். அவள் கதவைச் சாத்தினாள்.